மாமனாருக்குப் பக்கத்து ஆசனம்

என் மாமனார் மோட்டார் வாங்கிய செய்தியை எனக்குச் சொன்னவர் மாமனார் அல்ல, என் சகலை. அதையே ஒரு குற்றமாக நான் நெடுநாள் மனத்தில் வைத்திருந்தேன்.

மாமனாருக்குப் பண்டாரவளையில் ஜவுளிக்கடை. இரண்டு பெண்கள், கடைசியாக ஒரு பையன். மூத்தவளைக் கட்டியவன் நான். பதுளைக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். இளையவளைக் கட்டியவர் கடையிலேயே இருந்து துணி அளந்தார். வீட்டில் நான் பெரிய மாப்பிள்ளை, அவர் சின்ன மாப்பிள்ளை. தீபாவளி வேட்டி முதலில் எனக்கு. சந்தனக் கிண்ணம் முதலில் என்னிடம் வரும். பந்தியில் மாமனாருக்கு வலப்பக்கத்து இலை என்னுடையது. எந்தக் கடிதம் எந்த மேசைக்கு முதலில் போகவேண்டும் என்று தெரிந்தே சம்பளம் வாங்கியவனுக்கு இந்த ஒழுங்கின் அருமை தெரியும். சின்னவரும் அதை ஒருநாளும் மீறியதில்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணங்களில் அதுவும் ஒன்று.

ரயில் அப்போது பண்டாரவளையைத் தாண்டிப் பதுளைக்கு வந்திருக்கவில்லை. மோட்டார், சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை விற்றுவிட்டுப் போனது. மடக்கக்கூடிய கித்தான் கூரை, பித்தளை விளக்குகள், ஓட்டுகிறவனின் வலக்கைப் பக்கம் கதவை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்த கியர்க் கம்பி. எல்லாரும் வண்டியைச் சுற்றிவந்து விளக்குகளைத் தடவிப் பார்த்தார்கள். நான் ஆசனங்களைப் பார்த்தேன்.

பின்னால் மூன்று பேர் உட்காரலாம். முன்னால் இரண்டே பேர். ஒன்று மாமனாருக்கு, மற்றது ஓட்டுகிறவனுக்கு. கடைச் சரக்கு ஏற்றிவரும் லொறியில் போய்வந்து, ஓட்டப் பழகியிருந்தவர் சின்னவர் ஒருவர்தான். ஆகவே இனி எங்கே போனாலும் மாமனாருக்குப் பக்கத்தில் அவர். பெரிய மாப்பிள்ளை பின்னால், பெண்களோடும் மூட்டைகளோடும்.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனனுக்குப் பெண் பேசி முடித்தார்கள். பெரகலவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரியகங்காணி வீட்டுப் பெண். நல்ல நாளில் நாங்கள் போய்ப் பரிசம் போடவேண்டும். சம்பந்தி வீட்டார் எங்களை முதன்முதலாகப் பார்க்கும் நாள். யார் எங்கே நிற்கிறார் என்பதை வைத்துத்தான் யார் யார் என்று முடிவு செய்வார்கள்.

“மோட்டார்ல போறமாங்க. நானும் தங்கச்சியும் பின்னாடி,” என்றாள் என் மனைவி.

“சரி.”

“அவ வீட்டுக்காரரு முன்னாடி.”

“அதனால் என்ன?”

“ஒண்ணுமில்லீங்க. கச்சேரியிலயும் உங்களுக்குப் பின்னாடிதான் நாற்காலி போட்டிருக்காங்களோன்னு கேட்டேன்.”

மோட்டார் ஓட்டக் கற்பது என்று அந்த இரவே முடிவு செய்தேன். கற்றுத்தர ஒரே ஆள்தான் இருந்தார் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது.

சனிக்கிழமைகளில் அலுவலகம் விட்டதும் தபால் வண்டியில் பண்டாரவளைக்குப் போவேன். துரை விட்டுப்போன ஆங்கிலக் கையேட்டை அதற்குள் முழுவதும் படித்திருந்தேன். மோட்டார் விதிகளையும் படித்திருந்தேன்; எந்தத் திருப்பத்துக்குக் கையை எப்படி நீட்டவேண்டும் என்பதைச் சின்னவருக்கே நான்தான் சொன்னேன். அவர் நன்றியோடு கேட்டுக்கொண்டார்.

ஊருக்கு வெளியே சமதரையான ஒரு பாதையில் பாடம். அந்த வண்டியில் கியர் மாற்றுவது இன்றைய பிள்ளைகள் செய்வதுபோல ஒரு மிதி, ஒரு தள்ளு அல்ல. கிளட்சை மிதித்துக் கம்பியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். காலை எடுக்கவேண்டும். மறுபடி மிதித்து அடுத்த கியரில் போடவேண்டும். கீழ்க் கியருக்கு இறங்குவதென்றால், கம்பி நடுவில் நிற்கும்போது எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிட்டு அதன் வேகத்தையும் சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே பல்லும் பல்லும் மோதி, தகரத்தை அறுப்பதுபோல ஒரு சத்தம் வரும். இது ஏன், எப்படி என்று சின்னவரைவிட எனக்கு நன்றாக விளக்கத் தெரியும். படித்தது என் கண். போட்டது என் கை. இரண்டுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இல்லை.

“அண்ணே, கியர் அழுவுது.”

“கேட்கிறது தம்பி.”

“கம்பியப் பாக்காதீங்க. ரோட்டப் பாருங்க. எஞ்சின் சத்தத்தக் கேட்டுப் போடுங்க.”

அவர் ஓட்டிக் காட்டுவார். வாயில் வெற்றிலை, ஏதோ கடைக்கதை. நடுவே அவருடைய வலக்கை தானாக இறங்கி, அலமாரியிலிருந்து துணிச்சுருள் ஒன்றை உருவுவதுபோலக் கம்பியைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடும். சத்தமே இருக்காது. அந்தக் கையை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பதை இப்போது சொல்வதில் தீங்கில்லை. நான் தவறும்போது அவர் ஒருதரமாவது சிரித்திருந்தால் பாதி மன்னித்திருப்பேன். சிரிக்கமாட்டார். “பரவால்ல அண்ணே, இன்னொருக்கா,” என்பார்.

ஒன்று மட்டும் எனக்கு முதல் நாளே வந்தது: வண்டியைப் பின்னால் செலுத்துவது. அதில் ஒரே கியர், மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. கழுத்தைத் திருப்பிக்கொண்டு நூல் பிடித்ததுபோலப் போவேன்.

“பின்னாடி போறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல அண்ணே,” என்றார் சின்னவர்.

பாராட்டாகத்தான் சொன்னார். பதுளை திரும்பும்வரை அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வேறு அர்த்தம் எதுவும் அகப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

லைசன்ஸுக்கு முறைப்படி விண்ணப்பித்து முறைப்படி பெற்றேன். பரிசோதித்த அதிகாரி சமதரையில் மட்டும் ஓட்டச் சொன்னார். அவர் நன்றாக இருக்கட்டும். பிறகு மாமனாரிடம் போய், பரிசத்துக்கு வண்டியை நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் வாடிக்கையாளர் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

“போறப்ப பெரிய மாப்பிள்ளை ஓட்டட்டும். வாறப்ப சின்ன மாப்பிள்ளை,” என்றார்.

அந்த நாள் காலையில், கையேட்டில் சொல்லியிருந்தபடி, தூசிக்காகப் பட்டு வேட்டிக்கும் கோட்டுக்கும் மேலே நீளக் காக்கி அங்கி ஒன்றும் தலையில் தொப்பியும் போட்டுக்கொண்டேன். சின்னவருக்கு ஓட்டும் வேலை இல்லாததால் சரிகை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வந்தார். உறவினர் எல்லாரும் முந்திய ரயிலிலேயே போயிருந்தார்கள். மனைவி முதல் தட்டை, அதாவது தேங்காயும் பரிசப் புடவையும் வைத்த தட்டை, என்னிடம் நீட்டினாள். அதைப் பெரிய மாப்பிள்ளைதான் ஏந்திப் போகவேண்டும். என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

“சின்ன மாப்பிள்ளை மடியில வச்சுக்கட்டும். அங்க எறங்கி நீங்க வாங்கிக்கங்க,” என்றார் மாமனார்.

எந்த நடைமுறையையும் ஓட்டை இல்லாமல் யோசிப்பவன் நான். இதை யோசித்திருக்கவில்லை. ஆனாலும் புறப்பட்டபோது என் பக்கத்தில் மாமனார். பின்னால் இரண்டு பெண்களுக்கு நடுவே தட்டும் கையுமாக ஒடுங்கியிருந்த சின்னவர். அப்புத்தளை வரை அந்த நினைப்பே போதுமாக இருந்தது. கியர் சில இடங்களில் அழுதது. அழும்போதெல்லாம் மாமனார் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பெரகலவில் பெரிய வீதியை விட்டுத் தோட்டத்துப் பாதையில் ஏறினோம். பெரியகங்காணி வீடு உச்சியில். பாதிகூட ஏறியிருக்கமாட்டோம், எஞ்சின் இருமியது, நின்றது. சின்னவர் இறங்கி, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை வண்டிக்கு முன்னால் மாட்டிச் சுழற்றினார். உறுமியது, நகர்ந்தது, மறுபடி நின்றது.

“ஒங்க தப்பில்ல அண்ணே. பெற்றோல் டாங்கி சீட்டுக்கு அடியில இருக்கு. இந்தச் சரிவுல எஞ்சின் மேல போயிருது, எண்ணெ ஏற மாட்டேங்குது. திருப்பிப் பின்பக்கமா ஏத்துனா எஞ்சின் கீழ வந்துரும், தானா எறங்கும்.”

“பின்பக்கமாவா?” என்றார் மாமனார். “பரிசம் போட வாறவன் சம்பந்தி வாசலுக்கு முதுகக் காட்டிக்கிட்டா போறது?”

“வேற வழியில்ல மாமா.” சின்னவர் என் பக்கம் திரும்பினார். “நான் ஏத்துறேன் அண்ணே. நீங்க பின்னாடி வந்து தட்ட வாங்கிக்கங்க.”

மாமனாருக்குப் பக்கத்து ஆசனத்தை இவ்வளவு தூரம் வந்தபிறகு பறிக்கப் பார்க்கிறார் என்றே எனக்குப் பட்டது.

“போகும்போது நான் ஓட்டுவது என்பதுதான் ஏற்பாடு,” என்றேன். “பின்னால் போவது எனக்குத் தெரியும்.”

மாமனார் பெருமூச்சு விட்டார். “அப்ப சின்ன மாப்பிள்ளை, நீங்க வண்டியிலயே தட்டோட பின்பக்கம் பாத்து நில்லுங்க. ஒரு மொகமாவது சம்பந்தி வீட்டப் பாத்துப் போகட்டும்.”

கூரையை மடக்கினோம். வண்டியைக் கீழே இருந்த வளைவு வரை உருளவிட்டு, அங்கே திருப்பி, பின்னோக்கி ஏற்றத் தொடங்கினேன். ஒருபக்கம் மலைச்சுவர், ஒருபக்கம் பள்ளம். என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் ஓட்டியதில்லை. தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“ஏய், வண்டி கோவிச்சுக்கிட்டுப் போகுதுடி!”

“மொகத்தத் திருப்பிக்கிட்டு எங்க போகுதாம்?”

“சம்பந்தி வூட்டுக்குத்தான்!”

வாசலில் மேளம் கொட்டியது. அவர்கள் கண்ணில் முதலில் பட்டவர், சரிகை வேட்டி பளபளக்க, முதல் தட்டை ஏந்தி, வீட்டைப் பார்த்துச் சிரித்த முகமாக நின்று வந்தவர்.

“வாங்க பெரிய மாப்பிள்ளை, வாங்க வாங்க!” என்று பெரியகங்காணி கைகூப்பினார். ஆரத்தி சுற்றினார்கள். பன்னீரைத் தாராளமாகத் தெளித்தார்கள். “இல்லீங்க, நான் வந்து...” என்று சின்னவர் தொடங்கியது மேளத்தில் அமுங்கிப்போனது. அடுத்தது மாமனாருக்கு மாலை, பிறகு பெண்களுக்குச் சந்தனம். கடைசியாகப் பெரியகங்காணி என் காக்கி அங்கியைப் பார்த்தார்.

“டிரைவர் தம்பி, நல்லா ஏத்துனீங்க. வண்டிய ஓரமா வுட்டுட்டு அடுப்படிப் பக்கமா வாங்க, டீ குடிக்கலாம்.”

“ஐயையோ, அவரு டிரைவர் இல்லீங்க!” என்று மாமனார் பதறினார். “என் மூத்த மாப்பிள்ளை. கச்சேரி உத்தியோகம்.”

பெரியகங்காணி வெலவெலத்துப்போனார். பன்னீர்ச் செம்பைப் பிடுங்கி என்மேல் குலுக்கினார். சத்தம் வந்தது, பன்னீர் வரவில்லை. சின்னவர் ஓடிவந்து, “இந்தாங்க அண்ணே,” என்று தட்டைக் கொடுத்தார். அதை நான் ஏந்திக்கொண்டு திரும்பியபோது எல்லாரும் உள்ளே போயிருந்தார்கள்.

பந்தியில் மாமனாருக்கு வலப்பக்கத்து இலையில் சின்னவரை ஏற்கெனவே உட்காரவைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் எழுந்தார். உட்காருங்கள் தம்பி என்றேன். பெருந்தன்மை அல்ல. எழுந்து இடம்கொடுத்த பெருமையும் அவருக்கே போய்விடும்.

புறப்படும்போது முறைப்படி ஸ்டியரிங் சின்னவருக்கு. நான் பின்னோக்கி ஏற்றிவைத்திருந்ததால் வண்டி இறக்கத்தைப் பார்த்துத் தயாராக நின்றது. அவர் திருப்பவேண்டிய வேலைகூட இல்லை. அங்கவஸ்திரத்தை மடித்துப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பெரியகங்காணி அதிசயித்துப்போனார்.

“அட, மோட்டாரும் ஓட்டுவீங்களா மாப்பிள்ளை!”

“ஏத்துனது அண்ணந்தாங்க. எறக்கத்துல ஓட்டுறது என்னங்க பெரிசு?”

“என்ன அடக்கம் பாருங்க!” என்றார் பெரியகங்காணி மாமனாரிடம். மாமனார் மறுக்கவில்லை. மகிழ்ந்துபோய் மீசையைத் தடவினார்.

நான் பின்னால் இரண்டு பெண்களுக்கு நடுவே, அவர்கள் பதில் மரியாதைக்குத் தந்த பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“தட்ட நேராப் புடிங்க, பழம் உருளுது,” என்றாள் என் மனைவி.

பெரகலவில் பெரிய வீதி ஏறியது. சின்னவரின் வலக்கை இறங்கியது. ஒருதடவை, ஒரேயொரு தடவை கியர் அழாதா என்று அப்புத்தளை வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமனார் தலைப்பாகையைத் தொடவே இல்லை, தூங்கிப்போயிருந்தார்.