நிற்பதற்காக ஓட்டியவள்

அன்று காலை படப்பை நிறுத்தத்தில் எங்கள் கம்பெனி பஸ் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. நான் மணிமங்கலத்திலேயே ஏறிவிடுவேன். எஸ்தர் படப்பையில் ஏறி என் பக்கத்தில் உட்காருவாள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, “இன்னா மேடம், உங்க ஆளு இன்னும் தூங்கிக்கினு கீதா?” என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். அப்போதுதான் என் போன் அடித்தது. எஸ்தரின் கணவர் தாஸ் அண்ணன். “எஸ்தரு பூட்டா வசந்தா” என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு அங்கேயே இறங்கினேன். பஸ் ஒரகடத்துக்குப் போய்விட்டது.

முந்தின நாள் மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக் கசிவு. தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை.

இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் உண்டு. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு என்ன படம் போடுவது என்று கேட்டபோது, தாஸ் அண்ணன் தன் போனில் இருந்த ஒரு படத்தைக் கொடுத்துவிட்டார். அதில் எஸ்தர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவில் எண் ஒட்டிய காரின் மேல் சாய்ந்து சிரிக்கிறாள். போஸ்டர் ஒட்டிய அன்றைக்கே டீக்கடையில் ஒருவர், “கார் ரேஸ்ல போயி அடிச்சிக்கினு செத்துட்டாளாம்பா, பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா?” என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவரை நான் நன்றாகவே திட்டினேன். ஆனால் ஒவ்வொரு டீக்கடையாகப் போய்த் திட்ட என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். பஸ்ஸில் அவளோடு வந்தவர்கள், டெஸ்டிங் பிரிவில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் நடந்ததை நடந்தபடி தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் தொழிற்சாலையில் கார்களுக்கான பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் ஓடும் ரப்பர் குழாய், செய்கிறோம். நான் டூல் ரூமில் இருக்கிறேன். எஸ்தர் டெஸ்டிங்கில் இருந்தாள். ஹோஸின் இரண்டு முனையையும் இயந்திரத்தில் மாட்டி, உள்ளே அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் வெடிக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. அந்த இயந்திரத்துக்கு ஒரு விதி உண்டு. நெம்புகோல் கையில் நடுங்கினால் உடனே விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் ஏதாவது பெயர்ந்து முகத்தில் அடிக்கும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் எஸ்தர் முதலில் சொல்வது இதைத்தான்: “நடுங்குச்சா, கைய எடு. அப்பறமா யோசி.” அவள் பிரிவில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த விதியே அவளை ஒரு நாள் கவிழ்த்தது. மகள் ஜெனியைக் காரில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கல்லூரி விஷயமாக மறைமலை நகர் போய்க்கொண்டிருந்தாள். முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. எஸ்தர் பிரேக்கை மிதித்தாள். மிதித்த வேகத்தில் பெடல் காலுக்கடியில் படபடவென்று துடித்தது. துடித்ததும் கால் தானாகவே எழும்பிவிட்டது. கார் போய் ஆட்டோவின் பின்னால் இடித்தது. ஆட்டோவில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாஷ்போர்டில் கையை ஊன்றிய ஜெனிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடாமல் ஏபிஎஸ் வேலை செய்யும், அப்போது பெடல் துடிக்கத்தான் செய்யும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? நான் அதை வாய்விட்டே கேட்டேன். “தெரியும் வசந்தா. படிச்சிக்கீறேன். காலுக்குத் தெரியலியே” என்றாள்.

அதன் பிறகு எஸ்தர் காரைத் தொடவில்லை. கார் வாசலில் உறை போர்த்திக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு தாஸ் அண்ணன் ஓட்டினால் பின்னால் உட்காருவாள். ஜெனியும் பின்னால்தான். கை கூடிய பிறகும் அந்தப் பெண் முன்சீட்டில் உட்கார மறுத்தாள். அம்மாவை அவள் குறை சொன்னதே இல்லை. அதுதான் எஸ்தருக்குத் தாங்கவில்லை. “திட்டினாலாவது பரவால்ல. ஒண்ணும் சொல்லாம பின்னாடி போயி குந்துது” என்று பஸ்ஸில் ஒரு நாள் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் பந்தயத் தளத்தில், சாதாரண ஆட்கள் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க ஒரு நாள் விடுகிறார்கள் என்ற செய்தியை அவள்தான் என் முன்னால் நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிள்கூடப் பயந்து பயந்து ஓட்டுகிறவள் நான். “இன்னாடி, ரேஸ் வுடப் போறியா?” என்றேன். அவள் சிரிக்கவில்லை. “வேகமா போறதுக்கு இல்ல வசந்தா. நிக்கிறதுக்குப் போறேன். எதிர்ல ஆட்டோ இல்லாத எடமா ஒண்ணு வேணும். முழுசா ஒரு தபா மிதிக்கணும்” என்றாள். நம் தொழிற்சாலையில் இத்தனை பேர் இருக்கிறோமே, நம்மில் யாராவது பிரேக்கை ஒரு தடவையாவது முழுசாக மிதித்திருப்போமா என்றும் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

காரைத் தயார் செய்தது ஒரகடம் சாலையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் முருகேசன். திருநெல்வேலிக்காரர். முதலில் காரைக் காலி செய்யச் சொன்னார். ஓட்டும்போது ஒரு சின்னப் பொருள்கூட உருளக் கூடாதாம். குடை, பழைய சர்ச் காலண்டர், ஜெனியின் ஒற்றைச் செருப்பு, பொங்கலுக்கு வாங்கி மறந்துபோன மஞ்சள் கொத்து எல்லாம் வெளியே வந்தன. காருக்குள்ளேயே குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்று கேலி செய்தேன். அப்புறம் பழைய பிரேக் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினார். பழையதில் ஈரம் சேர்ந்திருக்கும், தொடர்ந்து மிதித்துச் சூடானால் ஆவியாகிப் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிடும் என்றார். டயரைத் தட்டித் தடவிப் பார்த்தார். முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் போட்டார்.

புது பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கோடு படிய வேண்டும். அதற்குக் கொஞ்சம் வேகம் எடுத்து, மெதுவாகக் குறைத்து, நிற்காமலே மறுபடி வேகம் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை சிப்காட் சாலை காலியாக இருக்கும். அங்கே எஸ்தர்தான் ஓட்டினாள். பல மாதத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறாள். பக்கத்தில் முருகேசன். “பாதி மிதிச்சாப் போதும்க்கா, முழுசா மிதிச்சிராதிய” என்று அவர் சொன்னதும் அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பின்சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

என் பங்குக்கு, சக்கரத்து நட்டுகளை, சரியான இறுக்கம் காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து முடுக்கி, ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்தேன். முடுக்கியாயிற்று என்பதற்கு எங்கள் தொழிற்சாலையில் அதுதான் அடையாளம். ரெஞ்சு முருகேசன் கடையுடையது. கம்பெனிச் சாமானை நான் கேட் தாண்ட விடமாட்டேன், உயிர்த் தோழியாக இருந்தாலும்.

தாஸ் அண்ணனுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. “இருக்கிற வம்பு பத்தாதா? இன்னாத்துக்கு இந்த வேல?” என்று கேட்டுவிட்டு, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் தளத்துக்குப் போனது எஸ்தர், நான், முருகேசன் மூன்று பேர்தான். தளம் வரைக்கும் முருகேசன்தான் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

வாசலில் காரைச் சோதித்த பெண் கதவில் ஒரு எண்ணை ஒட்டிவிட்டு, கால்மிதியை எடுக்கச் சொன்னாள். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையையும் கழற்றச் சொன்னாள். எஸ்தர் அதை முத்தமிட்டு என் உள்ளங்கையில் வைத்தாள். ஓட்டப்போகிறவர்களை உட்கார வைத்து ஒரு பயிற்சியாளர் பேசினார். “பிரேக் போடும்போது பெடல் துடிக்கும். துடிச்சா வண்டி உங்களைக் காப்பாத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். காலை மட்டும் எடுத்துடாதீங்க” என்றார். எஸ்தர் முதல் வரிசையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள்.

ஆனால் முதல் சுற்றுகளில் அவள் மிதிக்கவே இல்லை. நேர்ப்பாதை முடிவதற்கு வெகு தூரம் முன்பே காலை எடுத்துவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தேய்த்துத் தேய்த்துப் போனாள். எல்லாக் கார்களும் அவளைத் தாண்டிப் போயின. திரும்பி வந்து காரை நிறுத்தியவள் வியர்த்துப்போயிருந்தாள். எங்கள் தொழிற்சாலை வளாகத்தில் வண்டி நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் செக்யூரிட்டி விடமாட்டார். அதே பழக்கத்தில் அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், நான் ஓடிப்போய்க் கட்டை வைத்தேன். இரண்டு பேரும் ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி நிழலில் போய் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாறு குடித்தோம்.

அடுத்த முறைக்குக் கூப்பிட்டார்கள். கார் நகரவில்லை. கட்டையை எடுத்தும் நகரவில்லை. முருகேசன் குனிந்து பின் சக்கரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். “ஹேண்ட் பிரேக்கையா போட்டிய? கொதிக்கக் கொதிக்கவா? சோலி முடிஞ்சிட்டு போங்க” என்று தலையில் அடித்துக்கொண்டார். சூட்டில் விரிந்திருந்த பின் சக்கரத்து பிரேக் டிரம், ஆறும்போது சுருங்கி உள்ளே பிரேக்கைக் கவ்விக்கொண்டதாம். அங்கே வந்திருந்த மற்றவர்கள் எல்லோரும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில்தான் நிறுத்தியிருந்தார்கள். இந்தத் தப்பைச் செய்ய எங்களை மாதிரி பிரேக் கம்பெனி ஆட்கள்தான் வேண்டும்.

எஸ்தர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வுடு வசந்தா. வண்டிக்கே இஷ்டமில்ல. வூட்டுக்குப் போலாம்” என்றாள். எனக்கு வந்த கோபத்தில், “எழுந்திருடி. நான் இவ்ளோ தூரம் ஜெபமாலையப் புடிச்சிக்கினு நிக்கறதுக்கா வந்தேன்?” என்று கத்திவிட்டேன். முருகேசன் சக்கரங்களைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் டிரம்மைச் சுற்றிலும் தட்டினார். வெகு நேரத்துக்கு ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு பக்கம் டக்கென்று விட்டது, கொஞ்ச நேரத்தில் மறுபக்கமும் விட்டது. டிரம்மைத் திறந்து பார்த்து, ஒன்றும் கெடவில்லை என்று தலையாட்டினார். மறுபடி சக்கரத்தை மாட்டி, நான் முடுக்கி, மறுபடி மஞ்சள் கோடு போட்டேன். அதற்குள் அன்றைய கடைசிச் சுற்றுகளுக்கு அழைப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் தாஸ் அண்ணனும் ஜெனியும் நிற்பதைப் பார்த்தேன். வரமாட்டேன் என்றவர் மகளோடு பஸ் பிடித்து வந்திருக்கிறார். எஸ்தரும் பார்த்திருக்க வேண்டும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

இந்த முறை நேர்ப்பாதையில் கார் வந்த சத்தமே வேறு. வளைவுக்கு முன்னால் நட்டிருந்த அடையாளப் பலகை வரைக்கும் அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. காரின் மூக்கு தரையை நோக்கி அமுங்கியது. வண்டி இப்படி அப்படி அலையாமல், கோடு போட்ட மாதிரி நேராக வேகம் இறங்கி, வளைவில் அமைதியாகத் திரும்பியது. அடுத்த சுற்றிலும் அப்படியே செய்தாள். அதற்கடுத்த சுற்றிலும் செய்தாள். வேலிக்குப் பக்கத்தில் ஜெனி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து இறங்கியதும், “துடிச்சுது வசந்தா. நல்லா துடிச்சுது. கால எடுக்கல” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். போஸ்டரில் நீங்கள் பார்த்த படம் அந்த அழுகை ஓய்ந்ததும் தாஸ் அண்ணன் எடுத்தது. வீட்டுக்கு எஸ்தரே ஓட்டினாள். ஜெனி யாரும் சொல்லாமலே முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். நானும் தாஸ் அண்ணனும் முருகேசனும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு வந்தோம்.

கொஞ்ச நாளில் அவளே ஜெனிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். அதே சிப்காட் சாலையில், நேராகப் போகச் சொல்லிக்கொடுத்த கையோடு, முழு பிரேக் மிதிக்கத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

எஸ்தர் தலைவலி என்று சாய்ந்த அந்த ஞாயிறு மாலை தாஸ் அண்ணன் வெளியூரில் இருந்தார். அம்மாவைப் பின்சீட்டில் படுக்கவைத்து, தலையைப் பக்கத்து வீட்டு அக்கா மடியில் கொடுத்துவிட்டு, தாம்பரம் வரை ஓட்டியது ஜெனிதான். வழியில் ஒரு தண்ணீர் லாரி திரும்பும் விளக்குப் போடாமல் குறுக்கே வந்திருக்கிறது. “முழுசா மிதிச்சேன் ஆண்ட்டி. பெடல் துடிச்சுது. கால எடுக்கல. இடிக்காம நின்னுடுச்சு” என்று கல்லறைத் தோட்டத்தில் என்னிடம் சொன்னாள். கார் எஸ்தரைக் கொல்லவில்லை. கடைசிவரை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. டீக்கடைக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

அந்த ஜெபமாலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன். “நீயே வெச்சிக்க. தொங்கினா ரோட்ட மறைக்குது” என்று சொல்லிவிட்டாள். டூல் ரூமில், டார்க் ரெஞ்சு மாட்டும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முறிந்து கூடிய அந்தக் கைதான். அது நடுங்கிய நடுக்கத்தில் என் உடம்பே ஆடியது. நடுங்கினால் கையை எடு என்று எத்தனையோ வருஷம் எஸ்தர் சொல்லிச் சொல்லிக் கேட்டு ஊறிய விதி எனக்கும் உண்டு. மண் போட்டு முடிக்கும் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.