கம்பெனி பஸ்ஸில் படித்தவள்

என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் மூடாது. கேட்டுக் கேட்டு எழுதிய நோட்டுகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன, பெருமையாகத்தான் சொல்கிறேன். இந்த வாயால் ஒருமுறை பதவி உயர்வே கைநழுவப் பார்த்தது.

அப்போது நான் செகந்திராபாத் பக்கம், டர்பைன் செய்யும் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் டிரேசர். மற்றவர் வரைந்த படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, கோடு பிசகாமல் மையால் நகலெடுக்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. ஆறு வருஷம் இப்படியே ஓடியது. டிராஃப்ட்ஸ்மேன் ஆனால்தான் நானே வரையலாம்.

அங்கே கேட்க முடியாததை எல்லாம் சேர்த்துக் கம்பெனி பஸ்ஸில் கேட்டேன். பஸ்ஸில் அவரவர் சீட் அவரவருக்கு. கைக்குட்டையைப் போட்டுவிட்டால் பட்டா வாங்கிய மாதிரி. நான் மட்டும் மாதம் ஒரு சீட் மாறினேன். ஆஸ்பத்திரி நர்ஸிடம் ஊசிக்கு நரம்பு தேடும் வித்தை, டெலிபோன் ஆபரேட்டரிடம் உருது எழுத்து, பரிசோதனைக்கூடப் பெண்ணிடம் இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்ற கதை.

டிராஃப்ட்ஸ்மேன் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து மேசைத் தோழி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அன்று காலையில் காதைக் கடித்தாள்.

"நக்கோடி, வேணாண்டி! உருது, ஊசி எல்லாம் அங்க எடுத்து விடாத. வேலைல கவனமில்லன்னு நெனச்சுடுவாங்க. சின்சியர்னு சொல்லிட்டு வாய மூடிக்கோ."

தலையாட்டிவிட்டுப் போனேன். உள்ளே மூன்று அதிகாரிகள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் தலைவர். அவ்வளவுதான், ஊசி, உருது, துரு என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். ஓரத்திலிருந்த இன்ஜினியரின் முகம் சுண்டிப்போனது.

"எல்லாம் சரி. நூறு தடவை நகலெடுத்திருக்கிறீர்களே, டர்பைன் பிளேடு ஏன் திருகலாக இருக்கிறது?"

"தெரியாது சார்."

இந்த இடத்தில் எல்லோரும் சாரி சொல்லிவிட்டுத் தலைகுனிவார்கள். என் கை பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்துவிட்டது. "சொல்லுங்கள் சார், எழுதிக்கொள்கிறேன்."

தலைவர் சிரித்துவிட்டார். இன்ஜினியருக்கு வேறு வழியில்லை. அடிப்பக்கம் மெதுவாகவும் நுனி வேகமாகவும் சுற்றுவதால் இடத்துக்கு இடம் சாய்வு மாற வேண்டும் என்று விளக்கினார். எழுதிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன்.

"அப்படியானால் இந்த ஃபேன் இறக்கை ஏன் சார் திருகலாக இல்லை?"

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். போகலாம் என்றார்கள்.

வெளியே வந்ததும் ஆறு வருஷத்தை நானே பாழாக்கிக்கொண்டேன் என்று அழுகை வந்தது. விஷயத்தைக் கேட்டுத் தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று டைப் அடித்த உத்தரவு. மற்றதில் பென்சிலால் ஒரு ஃபேன் படம், அதன் கீழே இன்ஜினியரின் கையெழுத்தில் நாலு வரி விளக்கம்.

தோழி உத்தரவைப் பிடுங்கிப் படித்து, "ஹவ், ஆமாண்டி, டிராஃப்ட்ஸ்மேன்!" என்று கத்தினாள். நான் ஃபேனைப் படித்துக்கொண்டிருந்தேன்.