விடத்தல்தீவுச் சுவரில் இடக்காலார்

அன்று செபஸ்தியான் அண்ணையிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை: அவர் சுவரில் வரைந்த ஆள் வலது காலால் பந்தை அடிக்கிறார்.

ஓய்வு பெற்று இத்தனை வருடங்களான ஒரு தென்னமெரிக்கக் காற்பந்து வீரருக்கு மன்னார்க் கரையில் ஏன் சுவர் என்று பார்க்கத்தான் போன சனிக்கிழமை புறப்பட்டேன். அவர் பெயரை விடத்தல்தீவில் யாரும் சொல்வதில்லை. இடது காலால் உலகக் கிண்ணம் வென்றவர் என்பதால் 'இடக்காலார்' என்கிறார்கள், சொந்தத்துப் பெரியவரைச் சொல்வதுபோல.

மன்னாரிலிருந்து காலை 7.20க்கு யாழ்ப்பாண பஸ். ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர், நாற்பத்தைந்து நிமிடம், நூற்று முப்பது ரூபாய். சந்தியிலிருந்து ஓட்டோவுக்கு இருநூறு.

"இடக்காலாரையோ? கெதியாப் பாருங்கோ தங்கச்சி. நாளையோட இருப்பாரோ தெரியாது," என்றார் சாரதி.

சுவர் விளையாட்டுக் கழகத்துடையது. இப்போது ஆடும் ஒருவரை அதில் வரைய வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் வாக்கெடுப்பு. செபஸ்தியான் அண்ணை படகுகளுக்கு வர்ணம் பூசி, வெட்டிய தாளை வைத்து இலக்கம் எழுதுபவர். அதே முறையில் பெரிய தாளில் உருவத்தை வெட்டி, சுவரில் வைத்து வர்ணம் பூசியிருக்கிறார். தாள் மறுபக்கம் திரும்பி, இடது வலதாகிவிட்டது போலும். (பத்தாம் இலக்கத்தைத் தனியாக எழுதியதால் அது தப்பிவிட்டது.)

கழகச் செயலாளர் ஜூட் அவருடைய மருமகன் முறை. நான் போனபோதே சண்டை.

"மாமா, உங்கட ஆள் விளையாடேக்க நான் பிறக்கவே இல்லை."

"யேசு நடந்து திரியேக்கையும் நீ பிறக்கேல்லைத்தானே? பூசைக்குப் போறாய்."

"அப்ப நாளைக்கு ஒரு அற்புதம் செய்யச் சொல்லுங்கோ!"

செபஸ்தியான் அண்ணை என் பக்கம் திரும்பினார். "சண்டைக் காலம், கரண்ட் இல்லை. உழவு மெசின் பற்றரியில ரீவி போட்டுப் பார்த்தனாங்கள். கட்டையான மனிசன். அஞ்சு பேர் சேர்ந்து விழுத்துறாங்கள், எழும்பி எழும்பி ஓடுறார். அண்டைக்கு எங்களுக்கு அது காணும், வேற ஒண்டும் தேவைப்படேல்லை, தங்கச்சி. இந்தச் சுவரை நான் விடமாட்டன்."

நான் வாசித்ததெல்லாம் அவர் அடித்த கோல்கள், சேரிப் பிறப்பு, காயங்களோடு முடிந்த கடைசிப் பருவங்கள். விழுந்ததை எண்ணி வைத்திருப்பவரை இங்கேதான் கண்டேன்.

"படத்தில பிழை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். ஜூட் பக்கத்திலேயே நின்றார். தன் மாமாவுக்குக் கால் எதுவென்றே தெரியவில்லை என்று அவர் மறுநாள் சபையில் சொன்னால் போதும், சுவர் போய்விடும்.

"நல்லாயிருக்கு அண்ணை," என்றேன்.

போகிறவர்களுக்கு: பதினொரு மணிக்குப் பின் அங்கே நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பும் பஸ் சந்தியில் கை காட்டினால் நிற்கும். சாரதியின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். எனக்குச் செய்தி சொன்னவர் அவர்தான்.

வாக்கெடுப்பில் இடக்காலார் வென்றார். திங்கட்கிழமை செபஸ்தியான் அண்ணை யாரிடமும் எதுவும் சொல்லாமல் சுவர் முழுவதையும் வெள்ளையடித்துவிட்டு, பந்தை இடது காலில் வைத்து மறுபடி வரைந்தார்.