சாந்த்ராகாச்சிக்காரர்கள் வரும் வரை

பெரிய நடிகரின் படம் தியேட்டருக்கு வராமல் நேராக ஓடிடியில் வருகிறது என்று தெரிந்த அன்று, எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி என்று ஒருவர் எழுதினார். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நான் மட்டும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன். எரிச்சலாக இருந்தது.

காரணம் இதுதான். கொல்கத்தாவில் தமிழ்ப் படம் தானாக ஓடாது. பவானிபூரில் ஒரு பழைய தியேட்டரின் மேனேஜர், எண்பது பேர் வருவார்கள் என்று உறுதி சொன்னால் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு காட்சி போடுவார். அந்த எண்பது தலையைச் சேர்ப்பது பதினாலு வருஷமாக என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. பாலிகஞ்சில் தனியாக இருக்கும், கல்யாணமாகாத வங்கிக்காரிக்கு நேரம் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள்.

படம் வரும் வாரம், தினமும் சாயங்காலம் ஃபோன்தான். மளிகைக் கடைக்காரர் தன் முட்டிவலியைச் சொல்வார். இட்லிக் கடை அம்மா மகளுக்கு வந்த வரனைப் பற்றிச் சொல்வார். கால் மணி நேரம் போய், வைக்கும்போதுதான் எத்தனை டிக்கெட் என்று கேட்பேன். என் அம்மா போன பிறகு இந்த வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. ஆபீஸில் ஆங்கிலம், மீன்காரரிடம் பெங்காலி. அந்த ஃபோன்களில்தான் வாய் நிறையத் தமிழ் பேசினேன்.

காட்சியன்று நான் தியேட்டர் கதவருகே நிற்பேன். சாந்த்ராகாச்சியிலிருந்து வரும் ரயில்வே குடும்பம் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ஹௌரா வரை லோக்கல் ரயில், அங்கிருந்து பஸ். உள்ளே விசில் பறக்கும். ஹீரோ வந்துவிட்டார் என்று வெளியே நின்றே தெரிந்துகொள்வேன். இருபது நிமிஷம் கழித்து அந்த வீட்டுப் பெண், கணவரும் இரண்டு மகள்களும் பின்னால் வர, மூச்சிரைக்க ஓடி வருவாள். ரயில் லேட்டுக்கா என்பாள். அவள் கையைப் பிடித்து இருட்டில் சீட்டுக்குக் கூட்டிப்போவேன். பதினாலு வருஷத்தில் ஒரு படத்தின் தொடக்கத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

இந்தப் படம் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் வீட்டில் சேர்ந்து பார்க்கலாமே என்று தோன்றி, வியாழனன்று வரிசையாக ஃபோன் செய்தேன். முதல் நாளே பார்த்துவிடுவோம் என்றார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ஆனால் ஒரு பேச்சும் இரண்டு நிமிஷத்தைத் தாண்டவில்லை. முட்டிவலியைப் பற்றிக்கூட யாரும் சொல்லவில்லை. சாந்த்ராகாச்சிக்காரியைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"இவரு ஃபோன்லயே பாத்துக்குவாருக்கா. புள்ளைங்களுக்கு ஹெட்போன் இருக்கு. அவ்ளோ தூரம் எதுக்கு அலையணும்?" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "அடுத்த படம் தியேட்டர்ல வந்தா கண்டிப்பா சொல்லுங்க, வந்துடுறோம்" என்றாள்.

ஞாயிறு பத்து மணிக்குத் தலைக்குக் குளித்து, தியேட்டருக்குக் கட்டும் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஹீரோ வந்தார். கார் கதவு திறந்தது, முதலில் ஒரு செருப்பு, பிறகு மற்றதெல்லாம். இதற்கா அத்தனை விசில் என்று நினைத்தேன். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தேரைப் பற்றி ஒருநாளும் அக்கறை இருந்ததில்லை, ஊர் கூடினால் போதும் என்றுதான் இருந்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. அழுகை வந்தது. படத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

இருபது நிமிஷம் ஆனதும் உட்கார முடியவில்லை. படத்தை நிறுத்திவிட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மீன் பையோடு படியேறி வந்த மேல்வீட்டு வங்காளி அண்ணி என் புடவையைப் பார்த்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று பெங்காலியில் கேட்டாள்.

சாந்த்ராகாச்சியிலிருந்து வர வேண்டும், ரயில் லேட் என்றேன்.