பத்தாம் எண் போடாத படம்

மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவள் நான். அச்சில் வருகிற இடத்தில் எழுத வந்ததற்கு வாசகர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இது நடந்தது போன வருடம், மலேசியாவில் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலும், தானா ராத்தா டவுனில் ஒரு போட்டோகாப்பி கடையிலும்.

எங்கள் தோட்டத்தில் இப்போது கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைவு. தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று மோட்டார் மெஷினைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். வெட்டிய கொழுந்தை மெஷின் காற்றால் ஊதி, பின்னால் கட்டியிருக்கும் நீளமான பைக்குள் தள்ளும். என் வீட்டுக்காரர் மெஷின் பிடிப்பவர். நான் தோட்டத்துப் பட்டறையில் உட்கார்ந்து அந்தப் பைகளைத் தைப்பவள்.

பை நிறைந்தால் மெஷினை நிறுத்தி, பையை அவிழ்த்து, வேறு பை மாட்ட வேண்டும். சரிவில் நின்றுகொண்டு அதைச் செய்வது பெரிய பாடு. வீட்டுக்காரர் தினமும் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, ஒரு பையின் வால் பக்கத்தைத் திறந்து மூடுகிற மாதிரி தைத்துப் பார்த்தேன். கயிற்றை இழுத்தால் வால் திறக்கும், கொழுந்து சாக்கில் கொட்டும், பை மெஷினிலேயே இருக்கும். எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

அப்போது தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணி, இதைப் பேட்டண்டுக்கு எழுதிப் போடலாம் என்றார். கண்டுபிடித்தவரைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று அரசாங்கம் கொடுக்கிற உரிமை அது. விவரத்தை அவர் மலாயில் எழுதினார். படங்களை நான் வரைந்தேன். போட்டு முடித்த கொஞ்ச நாளில் அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மெஷின் வியாபாரி வந்தார். என் பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, எல்லாப் பக்கமும் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். இதையே அவர் தன் பேரில் எழுதிப் போட்டுவிட்டால்? நாங்கள் முதலில் எழுதிப் போட்ட தேதி ஒன்றுதான் எங்களுக்கு இருந்த காவல். அது போனால் திரும்ப வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அதற்குள் அவர் முன்னால் நின்றுவிடலாம்.

இந்த நேரத்தில்தான் பேட்டண்ட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் படங்கள் விதிப்படி இல்லையாம். நான் பைக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தேன், துணியின் மடிப்புக்குப் பென்சிலால் நிழல் போட்டிருந்தேன், பக்கத்தில் இஞ்சு கணக்கும் எழுதியிருந்தேன். அதெல்லாம் கூடாது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு மட்டும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் விவரத்தில் என்ன எண்ணோ அதே எண் படத்திலும் இருக்க வேண்டும். திருத்திய தாள்களைக் கெடுவுக்குள் அனுப்பாவிட்டால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். கடிதம் தோட்டத்து ஆபீசில் ஒரு மாதம் தூங்கியதால் கெடுவை ஒரு தடவை எழுதிக் கேட்டு நீட்டித்தும் வாங்கியாயிற்று. இனி நீட்டிப்பு இல்லை என்று பதிலில் எழுதியிருந்தது. சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று கீழே ஒரு போன் நம்பரும் இருந்தது. அந்தப் பக்கம் நான் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துப் பெண்கள் என்னிடம் பிளவுஸ் திருத்தக் கொடுப்பார்கள். கை இறுக்கம் என்று கொடுத்தால் கையை மட்டும் பிரித்துத் தைத்துக் கொடுக்க எனக்கு மனசு வராது. கொக்கி தளர்ந்திருந்தால் அதையும், கழுத்து தூக்கியிருந்தால் அதையும் சொல்லாமலே சரி செய்துவிடுவேன். படத்தைத் திருத்தச் சொன்னபோதும் அதே கைதான் வேலை செய்தது.

ஏனென்றால் அதற்குள் பையும் மாறியிருந்தது. முதல் பையில் வால் கயிறு சரிவில் தளர்ந்து, கொழுந்து வழியெல்லாம் சிந்தும்; வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஏசுவார். நான் உள்ளே ஒரு மடிப்புத் துணி வைத்துத் தைத்தேன். கொழுந்தின் கனத்திலேயே அது மூடிக்கொள்ளும். ஒரு இலை சிந்தாது. நல்ல பை கையில் இருக்கும்போது பழைய ஓட்டைப் பையை வரைந்து அனுப்ப வெட்கமாக இருந்தது. புதுப் பையையே நாலு தாளில் வரைந்தேன். மடிப்புத் துணிக்குப் பத்து என்று எண் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் இதிலேயே போனது.

"பையத் தைக்க ஒரு நாளு, படம் போட ஒரு மாசமா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

கெடுவுக்கு முதல் நாள் அவர் என்னை மோட்டார் சைக்கிளில் தானா ராத்தாவில் இறக்கிவிட்டு வேலைக்குத் திரும்பினார். போட்டோகாப்பி கடை வைத்திருந்தது ஒரு தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும், வாய் பத்து மடங்கு கூட. தாள்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் அனுப்பித் தருவதாகச் சொன்னாள். அனுப்புமுன் கடிதத்தைப் படித்தாள், விவரத்தைப் பக்கத்தில் வைத்தாள், விரல் வைத்து எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"அக்கா, விவரத்துல ஒம்போது வரைக்கும்தான் இருக்கு. இந்தப் பத்து எங்கேருந்து வந்துச்சு?"

நான் மடிப்புத் துணியின் பெருமையைச் சொன்னேன். விவரத்திலும் பத்து என்று ஒரு வரி சேர்த்துவிடலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"என்னைக் கேட்டா? நம்பர் கீழயே இருக்கு, போன் போடுங்க லா."

பரவாயில்லை, அப்படியே அனுப்பிவிடு என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"கேக்காம நான் பட்டனத் தட்ட மாட்டேன். நாளைக்கு ஏதாச்சும் ஆனா என் கடையத்தான் திட்டுவீங்க."

சொல்லிவிட்டு அவளே நம்பரைத் தட்டி, போனை என் கையில் திணித்துவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு மலாய் அதிகாரி அம்மா எடுத்தார்; மலாயில் அவரைப் 'புவான்' என்போம். பள்ளியில் படித்த மலாய் எல்லாம் எங்கேயோ ஓடிப் போய்விட்டது. தட்டுத் தடுமாறி, விவரத்தில் ஒரு எண் சேர்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். அது என்ன பாகம் என்றார். சொன்னேன். முதலில் கொடுத்த படத்தில் அது இருந்ததா என்று கேட்டார்.

"இல்ல புவான், அப்புறமா செஞ்சது. ஆனா இதுதான் ரொம்ப நல்லா இருக்கு."

 அவர் மெதுவாக, மலாயில் அக்காவைக் கூப்பிடுவது போலக் 'காக்' என்று கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"காக், கோட்டைச் சுத்தமாப் போடலாம். வண்ணத்தை எடுக்கலாம். தப்பான எண்ணைத் திருத்தலாம். ஆனா முதல் நாள் குடுத்த தாள்ல இல்லாத ஒண்ண இப்ப உள்ள கொண்டு வர முடியாது."

புதுத் துணியோடு அனுப்பினால் அந்தத் தாள்களை ஏற்க மாட்டார்கள், வேறு தாள் கொடுக்கவும் நாள் இருக்காது என்று விளக்கினார். மடிப்புத் துணிக்குத் தனியாக ஒரு மனு போடலாம், அதற்கு அதன் தேதி, இதற்கு இதன் தேதி என்றார். கோபப்படவே இல்லை. கேட்டது நல்லதாயிற்று என்று இரண்டு தடவை சொன்னார்.

போனை வைத்தபோது அந்தக் குளிரிலும் என் முதுகு நனைந்திருந்தது. கடைக்காரப் பெண் லேமினேட் செய்யும் மேசையை ஒதுக்கி, வெள்ளைத் தாளும் கறுப்புப் பேனாவும் ஸ்கேலும் வைத்தாள். ஒரு கோப்பை மைலோவும் வந்தது.

கடிதத்தோடு எடுத்து வந்திருந்த முதல் படங்களின் நகலைப் பார்த்துப் பழைய பையை வரையத் தொடங்கினேன். நேரான கோடு போடுவது கஷ்டமில்லை, துணி வெட்டுகிற கைதானே. இருக்கும் குறையைச் சரி செய்யாமல் விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. வால் பக்கம் வரும்போதெல்லாம் பேனா மடிப்பை நோக்கிப் போனது. இரண்டு தாளைக் கிழித்தேன். கயிறு கட்டும் இடத்தில் கொழுந்து சிந்துகிற அந்த இடைவெளியையும் அப்படியே போட்டேன்.

எட்டிப் பார்த்த கடைக்காரப் பெண், "ஓட்டையையும் போடுறீங்களா?" என்றாள்.

"அன்னிக்கு இருந்துச்சே," என்றேன்.

அவள் எண்களைப் படிக்க, நான் படத்தில் விரல் வைத்துக் காட்டினேன். ஒன்பதோடு நின்றது. அந்த நேரம் என்னை அழைத்துப் போக வீட்டுக்காரர் வந்தார். தாளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது அந்தச் சிந்துற பையில்ல? இதுக்குத்தானே மண்டோர்கிட்ட ஏச்சு வாங்குனேன்."

நடந்ததைக் கடைக்காரப் பெண்தான் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "போன் பண்ணுனியா? நீயா?" என்று மட்டும் கேட்டார்.

கடை சாத்துவதற்குள் நாலு தாளும் போய்ச் சேர்ந்தன. பெற்றுக்கொண்டோம் என்று திரையில் வந்ததைப் படித்துக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மூக்கைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். சில மாதம் கழித்து, படங்கள் சரியாக உள்ளன, மனு அடுத்த கட்டத்துக்குப் போகிறது, முதல் தேதி அப்படியே நிற்கிறது என்று கடிதம் வந்தது. மடிப்புத் துணிக்கும் தனியாக எழுதிப் போட்டுவிட்டோம்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று குறையோடு ஒரு தாளில் காட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தெரியாததைக் கேட்காமல் இருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது என்று இந்த வயதில் புரிந்துகொண்டேன். இப்போதும் போனைக் கையில் எடுத்தால் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எடுக்கிறேன்.

படங்களை அனுப்பிய மறுநாள் காலையிலிருந்து மழை. மெஷின் எதுவும் வெளியே போகவில்லை. நான் பட்டறையில் ஆறு பைகளுக்கு உள்மடிப்பு தைத்தேன்.