விழுவதற்கு ஒரு பை

ஷார்ஜா தொழில்பேட்டையில் பார்த்த கிடங்கு வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். வெயில் தாங்காமல், ஏசிக்காக ஒரு பைக்கடைக்குள் நுழைந்தேன். அங்கே ஐம்பதை நெருங்கிய ஒருவர், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வேண்டுமென்றே மல்லாக்க விழுந்தார். எழுந்து வேறு பையை மாட்டி மறுபடி விழுந்தார்.

“இது கடையா, கட்டிலாண்ணே?” என்றார் கீழக்கரைக் கடைக்காரர்.

துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் செயற்கைப் பனிச்சரிவில், வருகிறவர்களைப் படம் எடுப்பது விழுந்தவரின் வேலை. எடுத்ததும் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு பலகைமேல் சறுக்கி இறங்க வேண்டும். ஏற்கெனவே ஒரு கேமரா உடைந்திருந்தது. இன்னொன்று உடைந்தால் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

“விழாம சறுக்கப் பாருங்களேண்ணே,” என்றேன்.

“முட்டி போயிருச்சு தம்பி. நான் விழத்தான் செய்வேன். கேமராவுக்கு அடிபடக் கூடாது, அவ்வளவுதான்.”

கடைசியில், முதுகுப் பக்கம் ஜிப்பும் உள்ளே தடித்த மெத்தையும் உள்ள பையை எடுத்தார். நெஞ்சுப் பட்டையை மூச்சு முட்ட இறுக்கிப் பார்த்தார். நான் வேலையை விட்டுவிட்டதைச் சொன்னதும் என் பக்கம் திரும்பினார்.

“அங்க பனி அள்ள ஆள் தேடுறாங்க. வர்றியா?”

மறுநாள் காலை போய்ச் சேர்ந்தேன். கையில் மண்வெட்டியை வாங்கும்போதே அவர் சரிவில் விழுந்தார். எழ முடியவில்லை. படுத்தபடியே பையைக் கழற்றித் திறந்து பார்த்தார்.

“ஒண்ணும் ஆகல தம்பி,” என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவரைத் தூக்கிப் போனார்கள். அவர் விழுந்த பள்ளத்தைப் பனி போட்டு நிரவுவதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை.