இருபத்து மூன்றாவது வரி

“சாமிக்கண்ணு வந்துட்டாரு. வேம்பு வந்துட்டா. கன்னியம்மா வந்துட்டாங்க.” திரையில் பச்சை எழுத்துகள் ஏற ஏற, தனக்கொடி பெயர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகிறாள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புக்கு அனுமதி இல்லை. குளிர்சாதனக் காற்றில் கால் சில்லிட்டுப்போய், ஒரு பாதத்தை இன்னொன்றின் மேல் ஏற்றி வைத்திருக்கிறாள். கேட்டால், “இவங்கல்லாம் வந்து சேர்றவரைக்கும் எனக்கு வேற நெனப்பு ஓடாதுங்க” என்பாள்.

பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து புதுச்சேரியில் சேர்ந்து கிடக்கும் பிறப்புப் பதிவேடுகளில் ஒருவர் பெயரைத் தேடிக் கொடுக்க, லூயி என்பவரின் சின்ன கம்பெனி இந்த எண்பத்தெட்டில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறது. அதைச் சோதிப்பது தனக்கொடியின் வேலை. புரோகிராமில் யார் கை வைத்தாலும் சரி, ஒரே கட்டளையில் நாற்பது பேரை வரிசையாகத் தேடிப் பார்க்கும் கோப்பு ஒன்றை அவளே எழுதி வைத்திருக்கிறாள். ‘ஓட்டுற ஃபைலு’ என்று அதற்குப் பெயர். ஒருவர் கிடைத்தால் அடுத்தவருக்குப் போகும். கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும், மேற்கொண்டு ஓர் அடி நகராது. எழுதியவளின் குணமும் ஏறக்குறைய அதுதான்.

நாற்பது பேரும் நிஜ மனிதர்கள். “கற்பனையா பேரு எதுக்கு? ஊருல ஆளா இல்ல?” என்பது அவள் கட்சி. காலாப்பட்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரையும், பெரிய மார்க்கெட்டில் கத்திரிக்காய் நிறுப்பவரையும் விடமாட்டாள். “நீங்க பொறந்தது எந்த வருசம், பதிஞ்சது எந்த வருசம்?” பெண் பார்க்க வந்த சுப்பிரமணியனிடமே இதைக் கேட்டாளாம். மனிதர் மிரண்டுபோய்ப் பதில் சொன்னார். இன்று அவர் அவளுக்குக் கணவர், கோப்பில் ஏழாவது வரி. யாரானாலும் பழைய ஏட்டில் அவர்கள் பெயரைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் சேர்ப்பாள்.

இருபத்து மூன்றாவது வரி வைத்திக்குப்பத்து வீராயி. மீன் விற்கிறவள். ரெயூனியன் தீவில் இருக்கும் மகளிடம் போவதற்குப் பிறப்பு நகல் வேண்டும் என்று, இந்தப் புரோகிராமின் வெள்ளோட்டம் நடந்த பதிவு அலுவலகத்துக்குப் போனாள். மெஷின் ‘இல்லை’ என்றது. “நான் பொறக்கவேயில்லன்னா, இத்தினி வருசமா மீன் வித்தது யாரு?” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தனக்கொடிக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் தூசியில் கிடந்து ஏடுகளைப் புரட்டினாள். பிறந்தபோது பதிய விட்டுப்போனவர்களைப் பிற்பாடு கோர்ட்டுத் தீர்ப்பை வைத்துப் பதிவது இந்த ஊர் வழக்கம். வீராயி பிறந்தது முப்பத்து நாலில். ஏடு ஏறியது நாற்பத்தாறில். அந்தப் பக்கத்தைக் காட்டியும் குமாஸ்தா மசியவில்லை. இனிமேல் மெஷினில் வந்தால்தான் நகல் என்றார். தனக்கொடி பிந்திய வருஷத்து ஏடுகளையும் தேடும்படி புரோகிராமைத் திருத்தவைத்து, வீராயியைக் கோப்பில் சேர்த்தாள். திங்கட்கிழமை மெஷின் முறைப்படி இறங்கியதும் முதல் ஆளாக நிற்பேன் என்று வீராயி சொல்லிப் போயிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை லூயி குறுக்கே வந்தார். பாரிஸில் படித்தவர், நல்ல மனுஷர், அவசரக்காரர். பிறந்த வருஷத்து ஏட்டை மட்டும் தேடும்படி புரோகிராமை மாற்றி, நாலு நிமிஷத் தேடலைப் பத்து வினாடிக்கு இறக்கிவிட்டார். தனக்கொடி ஓட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு பேர் ஓடி வந்தார்கள். வீராயியிடம் நின்றுவிட்டது.

“அலோர்,” என்று பிரெஞ்சில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார் லூயி. “அந்த மீன்காரம்மா வரிய மட்டும் எடுத்துடும்மா. திங்கக்கெழம அதிகாரிங்க வராங்க. நாப்பதும் சரின்னு ஓடிக் காட்டணும். நாப்பது பேருல ஒருத்திதானே? அப்புறமா பாத்துக்கலாம்.”

“அவங்களும் திங்கக்கெழமதான் வராங்க முசியே.”

“ஒப்பந்தம் கை நழுவிப்போனா கம்பெனியே இல்லம்மா. நீயும் இல்ல, நானும் இல்ல. ஃபைலத் திருத்திடு.”

“சரிங்க முசியே.”

அதே அறையில் வேலை பார்த்த நான் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. கோப்பைத் திறந்து இருபத்து மூன்றாவது வரியை அழித்தாள். லூயி நிம்மதியாகச் சிகரெட் பிடிக்க வெளியே போனார். இந்த வேலை போனால் அவள் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. சுப்பிரமணியன் வேலை பார்த்த மில் அப்போது மூடிக் கிடந்தது. ஆனாலும் விசைப்பலகையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

திரும்பி வந்தவர் கேட்டார். “திருத்திட்டியா?”

“திருத்திட்டேன் முசியே. நீங்களே ஓட்டிப் பாருங்க.”

லூயி குனிந்து விசையைத் தட்டினார். திரையில் முதல் பெயர் வந்தது: வீராயி. பக்கத்திலேயே ‘இல்லை’. மெஷின் அங்கேயே நின்றது. பின்னால் முப்பத்தொன்பது பேரும் காத்துக் கிடந்தார்கள்.

லூயி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தனக்கொடி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை முந்தானையால் ஒரு தடவை துடைத்து, அவர் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தும்படி இழுத்துப் போட்டாள்.